காடு என்று வாசித்தவர்

மன்றத்தின் காலாண்டிதழ் அச்சாகி வந்த அன்று மரியபுஷ்பம் அதை வாசகசாலையில் நின்றபடியே படித்தாள். முதல் கட்டுரையே அவளுடைய கல்வெட்டு. நஞ்சன்கூட்டைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இடிந்து கிடந்த ஒரு சிவன் கோயிலின் பின்சுவரில் அதைக் கண்டுபிடித்தவள் அவள். முள்ளை வெட்டி, பாசியைச் சுரண்டி, ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி அடித்து, மை ஒற்றி எழுத்தைப் படியெடுத்தவளும் அவள். அந்த மைப்படியை அறையில் விரித்துவைத்து, ஓர் எழுத்துக்கு ஒரு வாரம் என்று மல்லுக்கட்டி வாசித்ததும் அவள்தான். அரசனின் ஆட்சியாண்டு இருந்த இடம் பொரிந்துபோயிருந்தது. கல்வெட்டில் வந்த சூரிய கிரகணத்தை வைத்துக் கணக்குப் போட்டு, அந்த ஆண்டு எதுவென்று பிடித்திருந்தாள். அதைக் கண்டுபிடித்த அன்று கையில் பென்சிலோடு அறைக்குள் தனியாகச் சிரித்தாள்.

எல்லாம் இதழில் இருந்தது. வாசிப்பு, மொழிபெயர்ப்பு, கிரகணக் கணக்கு, ஒன்று விடாமல். மேலே ஒரே ஒரு பெயர்: பேராசிரியர் வால்டர் ஞானமுத்து. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு: "படியெடுக்கையில் மை தடவ உதவிய மாணவி மரியபுஷ்பத்துக்கு நன்றி."

இதழை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

வால்டர்தான் அவளுடைய ஆய்வு வழிகாட்டி. மைசூரில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவர் பெரிய பெருமை. கோட்டும் டையுமாக அவர் மாதா கோயிலுக்கு வந்தால் ஆட்கள் விலகி வழிவிடுவார்கள். அவர் படித்துப் பேர் வாங்கியதெல்லாம் கும்பினிக்காரர்களின் காலத்துச் சரித்திரம். பழைய எழுத்து அவருக்குத் தகராறு. லட்சுமிபுரத்தில் இருந்த அந்தத் தென்னாட்டுச் சரித்திர ஆய்வு மன்றத்தில் இயக்குநர் வேலை காலியாகியிருந்தது. அதற்குப் பழங்காலத்தைப் பற்றியும் ஏதாவது எழுதியிருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள் என்ற பேச்சு இருந்தது.

"சார், இது நான் படிச்ச கல்வெட்டு."

"யாரு இல்லேன்னா? அடிக்குறிப்புல உன் பேரைப் போட்டிருக்கேனே."

"மை தடவினேன்னு போட்டிருக்கீங்க."

"தடவலையா?" அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இங்க பாரும்மா. நீ இன்னும் கேண்டிடேட்கூட ஆகலை. எழுத்துத் தேர்வு இருக்கு, அதுக்கப்புறம் போர்டு முன்னால உக்காந்து பதில் சொல்லணும். அதுல பாஸானாத்தான் தீசிஸ் எழுதவே விடுவாங்க. அந்த போர்டுல நானும் ஒருத்தன். சும்மனே எதுக்கு ரகளை? பேரு எல்லாம் தானா வரும்."

படியிறங்கினாள். அவர் சொன்னதில் "போர்டுல நானும் ஒருத்தன்" என்பது மட்டும் காதில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது.

அக்கா ரோசலின் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரிய மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்து இருவரும் இருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு ரோசலின் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"விட்டுத் தொலைடி. பரிச்சையப் பாரு. நீ டாக்டராயிட்டா அந்தாளு எங்கியோ, நீ எங்கியோ."

"டாக்டராகறதுக்கு இல்லக்கா இனிமே படிக்கறது."

"பின்ன எதுக்காமா?"

"அந்த மூஞ்சி நாலு பேர் முன்னால விழுகறத நான் பாக்கோணும்."

ரோசலின் கரண்டியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்ற தங்கச்சியா பேசறது இது?"

அவள்தான் பேசினாள். அதற்குப் பிறகு படித்ததும் அந்தப் புதுப் புஷ்பம்தான். தகுதித் தேர்வுக்குப் பாடங்கள் மலைபோலக் கிடந்தன. தென்னாட்டு அரசுகள், பழைய எழுத்து முறைகள், நாணயங்கள், சரித்திரம் எழுதியவர்களின் சரித்திரம். முன்பெல்லாம் பாதிப் பக்கத்தில் தூங்கிவிடுவாள். இப்போது தூக்கமே வரவில்லை. கங்கர் வம்சாவளியை ஒப்பிக்கும்போது எதிரில் வால்டர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பெயரையும் அவர் முகத்தில் எறிவதுபோல் சொல்லுவாள். கோபம் இத்தனை நல்ல ஞாபகசக்தி தரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஆனால் நன்றாகப் பாஸாவது பழிவாங்கியதாகுமா? ஆகாது. அவள் பாஸானால் "என் மாணவி" என்று அவரே மாலை போட்டுக்கொள்வார். கட்டுரை தன்னுடையது என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் நம்ப ஆளில்லை. மைப்படி மன்றத்தின் சொத்து, வாசிப்பு அவர் கையெழுத்தில் அச்சகத்துக்குப் போயிருந்தது. அவளிடம் வெறும் வாய்தான் இருந்தது.

ஈஸ்டருக்குச் சொந்த ஊரான ராமாபுரத்துக்குப் போனாள். அந்த ஊர் இருந்த கொள்ளேகால் தாலுகா அப்போது சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. மைசூரிலிருந்து ஊருக்குப் போனால் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போன கணக்கு. அப்பா எட்வர்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மகளைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "வால்டர் ஐயா சௌக்கியமாயிருக்காருங்களா?" என்பதுதான். அவர் நல்ல மனுசர், அவர் இல்லையென்றால் நம்மைப்போன்றவர்களை அங்கே உள்ளே விடுவார்களா என்று அப்பா சொல்லச் சொல்ல, அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சாப்பிட்டபின் அப்பா வாசலில் நின்று கிழக்கே பார்த்தார்.

"மழை வருமாட்டம் இருக்குது. கரட்டுப் பக்கம் எப்பிடிக் கறுத்துக் கெடக்குது பாரு."

அவள் பார்த்தாள். ஊருக்குக் கிழக்கே மொட்டைப் பாறையாக நின்ற சிறு குன்று. பிறந்ததிலிருந்து அவள் அதைக் கரடு என்றுதான் சொல்லியிருக்கிறாள். மைசூருக்குப் போய்ப் புத்தகம் படித்துத்தான் குன்று என்று சொல்லப் பழகினாள்.

கரடு.

கை கழுவியவள் அப்படியே நின்றுவிட்டாள். பழைய கல்வெட்டுகளில் 'ர' என்ற எழுத்தும் நெடிலுக்குப் போடும் காலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய எழுத்துப் படிக்கிற யாருக்கும் சொல்லித்தரும் முதல் பாடம் அது. 'காடு' என்று வெட்டினாலும் 'கரடு' என்று வெட்டினாலும் கல்லில் தெரிவது ஒன்றே. இடத்தைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். "இக்காடு வெட்டி நீர் பாய்ச்சி" என்று அவள் வாசித்திருந்தாள். காட்டை அழித்து வயலாக்கினார்கள் என்று பொருள் சொல்லியிருந்தாள். வால்டரின் கட்டுரை முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது. சோழர்கள் வந்து பெருங்காட்டை வெட்டி ஊராக்கினார்கள், அதற்கு முன் அங்கே மனித வாடையே இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதி, பச்சை மை பூசிய ஒரு வரைபடமும் போட்டிருந்தார்.

மைசூர் திரும்பியதும் நஞ்சன்கூட்டுக்கு ரயிலேறினாள். கோயிலுக்குப் பின்னால் வயலைத் தாண்டி, முன்பு அவள் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பாறைக்குன்று இருந்தது. சுற்றி நடந்தாள். மறுபக்கத்தில், புதர் மூடிக்கிடந்த இடத்தில், குன்றைக் குறுக்கே பிளந்து ஒரு வாய்க்கால். இரண்டு பக்கப் பாறையிலும் உளி விழுந்த தடம் வரிசை வரிசையாக இருந்தது. வாய்க்காலில் இப்போது தண்ணீர் இல்லை, எருக்கஞ்செடிதான் இருந்தது. காட்டை யாரும் வெட்டவில்லை. கரட்டை வெட்டித் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பாறையில் உட்கார்ந்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. வீட்டில் அன்றாடம் புழங்குகிற சொல். அதைக் கல்லில் பார்த்தபோது தனக்குத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தப்பாகப் படித்தவள் நான்தான் என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகு அந்தச் சொற்களை இன்னொரு முறை நினைத்துப் பார்த்தாள். நானா? கட்டுரையில் யார் பெயர் இருக்கிறது?

வெயிலில் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தாள். அவர் அவளுடைய உழைப்பைத் திருடினார். திருட்டு மூட்டைக்குள் அவளுடைய பிழையும் இருந்தது. மூட்டையோடு அதுவும் இப்போது அவருக்கே சொந்தம்.

அன்றிலிருந்து மரியபுஷ்பம் மன்றத்தில் வாய் பேசாத பூனையானாள். வால்டரின் அறைக்குள் போனால் கும்பிட்டாள். கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவருக்கும் திருப்தி. கட்டுரையைப் புத்தகமாக விரிக்கப் போகிறேன் என்றார். ஸ்ரீரங்கப்பட்டணத்து இலக்கியக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கி வந்தார்.

"அந்தப் பக்கம் பூரா அடர்காடா இருந்திருக்கும், இல்லம்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

இப்போது சொல்லிவிட்டால் ஒரு திருத்தக் குறிப்போடு தப்பித்துவிடுவார். நன்றி என்று இன்னோர் அடிக்குறிப்பும் போடுவார்.

"உங்க கட்டுரையில அப்படித்தானே சார் இருக்கு" என்றாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர் நிபுணர் ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது. சென்னையில் கல்வெட்டுத் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சேகரன் பெயரும் பேச்சில் அடிபட்டது. கண்ணில் பட்ட கல்லையெல்லாம் படித்தே கிழவரானவர், லேசில் யாரையும் பாராட்டாதவர். வால்டர் யோசித்தார். அவள் புத்தகங்களை அடுக்கியபடி, "அவர் ஒரு வார்த்தை நல்லா எழுதினா இயக்குநர் வேலைக்கு அதுக்கு மேல சாட்சி வேணாம்னு சொல்றாங்க சார்" என்றாள். அன்றைக்கே சேகரனுக்கு அழைப்பும், கூடவே காலாண்டிதழும் தபாலில் போயின.

எழுத்துத் தேர்வில் அவள் எழுதியதைப் பார்த்து மன்றத்தின் செயலர் முனிராஜே ஆச்சரியப்பட்டார் என்று கேள்வி. வாய்மொழித் தேர்வுக்கு அக்காவின் வெள்ளைப் பட்டுப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். மேஜைக்கு அந்தப்புறம் மூன்று பேர். நடுவில் முனிராஜ், வலப்பக்கம் வால்டர், இடப்பக்கம் காதில் முடி முளைத்த சேகரன். கேள்விகள் இங்கிலீஷில் வந்தன. சேகரன் மட்டும் கல்வெட்டுப் பேச்சு வந்ததும் தமிழுக்கு மாறினார். வால்டர் தமிழர், முனிராஜுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். யாரும் தடுக்கவில்லை.

கங்கர்கள் வந்தார்கள், போனார்கள். நாணயங்கள் வந்தன. அவள் எதிலும் தடுமாறவில்லை. கடைசியில் வால்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சேகரனைப் பார்த்துச் சிரித்தார்.

"மிஸ் புஷ்பம், என் கட்டுரையில வர்ற கல்வெட்டைப் பத்தி போர்டுக்குக் கொஞ்சம் சொல்லேன். அதுல முக்கியமான சொல் எது?"

இந்தக் கேள்வியை அவரே கேட்பார் என்று அவள் கனவில்கூட நினைத்ததில்லை. புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"'காடு'ன்னு கட்டுரையில வாசிச்சிருக்கற சொல்தான் சார். அது காடு இல்லை, கரடு."

சேகரன் நிமிர்ந்தார். "திருப்பிச் சொல்லுங்கம்மா."

சொன்னாள். காலும் ரகரமும் ஒன்றாக இருப்பதைச் சொன்னாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் குன்றை, அதைப் பிளந்துபோகும் வாய்க்காலை, பாறையில் இருக்கும் உளித்தடத்தைச் சொன்னாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. சேகரன் மைப்படியைக் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் விரித்து, மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"இக்கரடு வெட்டி நீர் பாய்ச்சி" என்று மெல்ல வாசித்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். "கரடேதான்! காட்டை வெட்டினா நிலம் கிடைக்கும், தண்ணி எப்படி வரும்? புரொஃபசர், பச்சை மையில ஒரு காட்டையே வளத்திருக்கீங்களே!"

முனிராஜும் சிரித்துவிட்டார். வால்டரின் முகம் அவள் இத்தனை மாதம் நினைத்துப் பார்த்ததைவிட மோசமாக விழுந்தது. முதலில் சிவந்தது, பிறகு சாம்பலாயிற்று. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"அந்த வாசிப்பு..." வால்டர் தொண்டையைச் செருமினார். "அந்த வாசிப்பு என்னுது இல்லை. இவளுது. இவ படிச்சுக் கொடுத்ததை நம்பிப் போட்டேன்."

முனிராஜ் இதழைப் புரட்டினார்.

"இதுல உங்க பேர் ஒண்ணுதானே இருக்குது சார்?"

"அப்போ கட்டுரை யாருது? உங்களுதா, இவங்களுதா?" என்றார் சேகரன். அவர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, உண்மையைச் சொல்லுங்க. காடுன்னு வாசிச்சது நீங்கதானா?"

வால்டர் உண்மையை ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் கட்டுரை அவளுடையதாகும். கிரகணக் கணக்கு அவளுடையதாகும். தவறும் அவளுடையதாகும், தப்பாகப் படித்துப் பிறகு தானே திருத்திக்கொண்டவள் என்று கிழவர் மெச்சக்கூடச் செய்யலாம். வால்டர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதுவரை அவர் அவளிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை.

"நான் மை தடவினேன் சார்" என்றாள் மரியபுஷ்பம். "சாரே அடிக்குறிப்புல போட்டிருக்காங்க."

முனிராஜ் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தை வாசித்து, இதழை வால்டரின் முன்னால் வைத்தார். தன் பிழையை மாணவியின் தலையில் கட்டுகிற மனிதரைப் பார்ப்பதுபோல் சேகரன் வால்டரைப் பார்த்தார், பிறகு பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

அவளை வெளியே உட்காரச் சொல்லி, மறுபடி கூப்பிட்டார்கள். முனிராஜ் எழுந்து நின்று, இன்று முதல் நீங்கள் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதத் தகுதிபெற்ற ஆய்வாளர் என்று இங்கிலீஷில் சொல்லிக் கைகுலுக்கினார். வழிகாட்டியை மாற்றித் தரும்படி அவள் எழுதிக் கேட்டபோது ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இயக்குநர் வேலை பெங்களூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. வால்டர் கோயிலுக்கு வந்தால் ஆட்கள் இப்போதும் வழிவிட்டார்கள், ஆனால் அவர் தாண்டிப்போன பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருந்தது.

அடுத்த இதழில் சேகரன் ஒரு குறிப்பு எழுதினார். 'கரடு' என்ற சரியான வாசிப்பைத் தந்தவர் செல்வி மரியபுஷ்பம் என்று முதல் வரியிலேயே இருந்தது. அவள் அதை மூன்று தடவை படித்தாள். அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருந்தது. "சொல்லைத் தவறவிட்டாலும், கிரகணத்தைக் கொண்டு ஆட்சியாண்டைக் கணித்திருக்கும் முறைக்காகப் பேராசிரியர் வால்டரைப் பாராட்டியே தீர வேண்டும். இந்த வட்டாரக் கல்வெட்டு ஆய்வில் இது அருமையான காரியம்."

இதழோடு மாடிப்படியில் இறங்கியபோது எதிரே வால்டர் ஏறி வந்தார். அவர் கையிலும் அதே இதழ். நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

"படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"அந்த ஆண்டுக் கணக்கு நீ போட்டது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்." தணிந்த குரலில், கிட்டத்தட்ட அன்போடு சொன்னார். "இனிமே அது என்னுது. நீயே போர்டு முன்னால எழுதிக் கொடுத்துட்ட மாதிரி."

கையில் பென்சிலோடு தனியாகச் சிரித்த அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைத் திருப்பிக் கேட்க இனி அவளுக்கு வழியில்லை, செத்தாலும் இல்லை. அவர் அவள் முகம் விழுவதற்காகக் காத்து நின்றார்.

"வெச்சுக்குங்க சார்" என்றாள். "அந்தக் காட்டையும் சேத்து வெச்சுக்குங்க."

வீட்டில் ரோசலினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரோசலின் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"அப்ப அத்தனை பேருக்கு முன்னால பொய் சொன்னயா?"

"சொன்னேன்."

"சனிக்கெழமை எங்கூட வா."

சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது. முறை வந்ததும் மரியபுஷ்பம் மண்டியிட்டாள். ஒருவரைக் கெடுப்பதற்காகப் பொய் சொன்னதையும், மாதக்கணக்கில் அவருக்குக் குழி வெட்டியதையும் மறைக்காமல் சொன்னாள். கம்பித் தடுப்புக்கு அப்பால் சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்காக மனசு வருந்துறியாம்மா?"

அவள் நேர்மையாகத் தன் மனசைத் தடவிப் பார்த்தாள். கிரகணக் கணக்குப் போனதில் வலி இருந்தது. அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்ற கவலை இருந்தது. அதற்கும் அடியில், மேஜைக்கு அந்தப்புறம் சாம்பலாகிப்போன அந்த முகம் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் இனித்தது.

"இல்லீங்க சாமி. இன்னும் இல்லை."

"அப்போ நான் என்ன செய்யட்டும்? வருந்தினப்புறம் வா."

எழுந்து வெளியே வந்தாள். ரோசலின் ஓடிவந்து, "சாமி என்ன சொன்னாங்க?" என்றாள்.

"இன்னொரு நாள் வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மரியபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் பசித்தது. தேவராஜ மார்க்கெட் வரை நடந்துபோய் ஏதாவது சாப்பிடலாம் வாக்கா என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.